தன் வேகத்தில் கற்றல்: ஒரு தோழியின் அனுபவம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருத்தியை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று ஏதாவது சொல்லிப் பயமுறுத்துவாள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளரும் எனக்கு முதலில் தந்த தலைப்பு "நாற்பது வயதிற்குப் பின் பெண்களின் ஆரோக்கியம்" என்பதுதான். மதியச் சாப்பாட்டில் பாயாசம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் அந்தத் தலைப்பை நானே மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் பேச வந்தது என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றி. அவள் இந்த மண்டபத்தில்தான் எங்கோ இருக்கிறாள். "பேரைச் சொன்னியெண்டால் மேடையில வந்து மைக்கைப் பறிப்பன்" என்று நேற்று இரவு எச்சரித்திருக்கிறாள். ஆகையால் பெயர் சொல்லமாட்டேன். அவள் ஒரு விஞ்ஞான ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் வீடு. கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேசத்தில் உள்ள ஜெயபுரத்தில் படிப்பிக்கிறாள். விடிவதற்கு முன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, நாவற்குழி, கேரதீவு கடந்து, 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டி, மன்னார் வீதியால் பஸ்ஸில் போகிறவள். அந்தப் பாலம் வந்திராவிட்டால் இந்தக் கதையும் இல்லை என்பாள். பாலம் இல்லாத காலத்தில் கிளிநொச்சியைச் சுற்றித்தான் போகவேண்டும். நாளாந்தம் போய்வருவதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஜெயபுரத்தை உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு வன்னி என்றால் கிளிநொச்சி நகரம், முறிகண்டிப் பிள்ளையார், அதோடு சரி. மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் வன்னியில் பல ஊர்களில் உண்டு. ஜெயபுரத்திலும் உண்டு. இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வு கண்டு, 2009 இற்குப் பிறகு மீண்டும் வந்து கூரை போட்டவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என் தோழி மின்சுற்றும் ஒளித்தெறிப்பும் படிப்பிக்கிறாள்.

2020 மார்ச் 13 ஆம் திகதி முதல் நாட்டில் பாடசாலைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் ஆசிரியர்கள் எல்லோரும் இணையவழி ஆசிரியர்களாகிவிட வேண்டும் என்று ஆயிற்று. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. சூம் இருந்தது, வட்ஸ்அப் இருந்தது. ஆனால் 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்குப்படி, இலங்கையில் கணினி இருந்த வீடுகள் நூற்றுக்கு 22 அளவில்தான். அது கொழும்பையும் சேர்த்த கணக்கு. ஜெயபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருந்தாலே பெரிய காரியம். அதுவும் அப்பாவின் போன். அவர் வேலைக்குப் போனால் பாடமும் சேர்ந்து போய்விடும்.

என் தோழி என்ன செய்தாள்? கொப்பியில் எழுதி, படம் எடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரவு ஒன்பது மணிக்கு, அப்பாமார் வேலையால் வந்த பிறகு, பிள்ளைகள் பதில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்கள். மங்கலான படம், பாதி வெட்டுப்பட்ட படம், தலைகீழான படம். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பித் திருத்தி அவளுக்குக் கண் போயிற்று. இதைவிட நல்ல வழி இருக்கத்தான் வேண்டும், அதைப் படிக்கவேண்டும் என்று நினைத்தாள். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஆசிரியர்களுக்கான இலவசப் பயிற்சி ஒன்று இருந்தது. இணையக் கருவிகளை வகுப்பறையில் பயன்படுத்துவது எப்படி என்பது பற்றியது. ஆறு அலகுகள். வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் போதும் என்று போட்டிருந்தார்கள். ஆசிரியர் யாரும் நேரில் வரமாட்டார். காணொளியைப் பார்த்து, பாடத்தை வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, தன் வசதிப்படி, தன் வேகத்தில் முடிக்கலாம். பதிந்துகொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து எனக்கு இங்கிலாந்துக்குக் கோல் எடுத்தாள். "எடி, இதில இங்கிலீசு கொஞ்சம் இடறுது. ஒரு மணித்தியாலம் என்னோட இருந்து பாக்கிறியே?" என்று கேட்டாள்.

நான் சொன்ன பதில் எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அது உன்ர வேகத்தில படிக்கிறதுதானேடி. அவசரமில்லை. ஆறுதலா இருந்து பார், விளங்கும்."

அது கொவிட் காலம். வைத்தியசாலையில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை என்று இப்போது ஒரு நியாயம் சொல்லலாம். பொதுவாக அது உண்மையும்கூட. ஆனால் அன்று எனக்கு ஓய்வு நாள். சோபாவில் இருந்து ஏதோ நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இந்தச் சபையில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏனென்றால் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது நானும் அவளும் உயர்தர வகுப்பில் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு வளவுக்குள் எங்கள் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து இருந்தன. மின்சாரத்தைக் கண்டு ஐந்து ஆண்டுகளாகியிருந்த காலம். மண்ணெண்ணெய் இருந்த விலையில், ஒரு ஜாம் போத்தல் விளக்கு இரண்டு பேருக்கு. அவள் பௌதிகத்தில் கெட்டிக்காரி, எனக்கு அது ஏறாது. நியூட்டனின் இரண்டாம் விதிக் கணக்கை அவள் எனக்கு மூன்று முறை, நான்கு முறை சொல்லித் தருவாள். விளக்கு அணையும்வரை சொல்லித் தருவாள். "உன்ர வேகத்தில படி" என்று சொல்லிவிட்டு அவள் ஒருநாளும் படுக்கப் போனதில்லை. நான் வைத்தியரானதில் அந்தப் போத்தல் விளக்கு எண்ணெய்க்கும் பங்குண்டு.

சரி, அந்தப் பயிற்சி என்னவாயிற்று?

முதல் அலகு சுகமாக முடிந்தது. இரண்டாம் அலகில் கூகுள் படிவத்தில் ஒரு சிறு பரீட்சை தயாரிக்கவேண்டும். இலங்கையில் படிப்பிக்கும் எங்கள் ஆசிரியர்கள் பலரைப் போலவே அவளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவள். அவளிடம் பத்து ஆண்டு வினாத்தாள்கள் பாமினியில் இருந்தன. அதை அப்படியே எடுத்துப் படிவத்தில் ஒட்டினாள். தமிழ் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்து நின்றது. பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். யுனிகோட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் இணையத்தில் உண்டு. தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் பயிற்சியைத் தயாரித்தவர்களுக்குப் பாமினி என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் பாடத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. அவள் மூன்று இரவு மினக்கெட்டாள். தன்னில்தான் பிழை என்று நினைத்தாள். நிறுத்திவிட்டாள்.

மூன்று மணித்தியாலம் என்று போட்டிருந்தார்களே, அந்தக் கணக்கையும் பாருங்கள். ஆங்கிலம் ஓடுகிறவருக்கு அது மூன்று. அகராதியும் கையுமாக வாசிக்கிறவருக்கு ஒன்பது. பாடசாலைகள் திறந்த பிறகு அந்த ஒன்பது மணித்தியாலம் எங்கிருந்து வரும்? காலை நாலரைக்கு எழும்பிச் சமையல். பஸ். வகுப்பு. பின்னேரம் வந்து மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளின் வீட்டுவேலை, இரவுச் சமையல். ஒன்பதரைக்கு இருந்தால் பத்து மணிக்கு நித்திரை தூக்கி விழுத்தும். தன் வேகத்தில் படிக்கலாம் என்பது நேரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்குச் சொன்ன சொல். எங்கள் பெண்களில் எத்தனை பேர் அப்படி வைத்திருக்கிறோம்?

2021 இல் மறுபடி தொடங்கினாள். அந்த ஆண்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகியிருந்தன. நேரம் இருந்தது. ஆனால் மனம் இருக்கவில்லை. பிள்ளைகளோடு இல்லாத ஆசிரியைக்கு எதற்குப் பாடக் கருவி என்று விட்டுவிட்டாள். 2022 இல் மூன்றாம் முறை முயன்றாள். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிறகு எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, ஜூனில் பாடசாலைகளையே மறுபடி மூடினார்கள். டேட்டாவுக்குப் போடும் காசை அரிசிக்குப் போடவேண்டிய நிலை. பயிற்சித் தளத்தில் இருந்து மட்டும் மின்னஞ்சல் தவறாமல் வந்தது: நீங்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்தீர்கள், தொடருங்கள் என்று. "அந்தக் கடிதத்தைக் காணக் காண வெக்கமா இருக்குமடி. பிறகு திறக்காமலே அழிச்சன்" என்றாள்.

இதெல்லாம் நடந்தது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2012 இன் இறுதியில் இருந்து ஒவ்வொரு வைத்தியரும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தன் தகுதியை மறுபடி உறுதிப்படுத்தவேண்டும். என் போன்ற பொது மருத்துவ நிபுணர்கள் ஆண்டுக்கு 50 புள்ளி வீதம், ஐந்து ஆண்டில் 250 புள்ளிக்கு ஏதாவது கற்றதாகக் காட்டவேண்டும். அதில் ஒரு பகுதி இதே மாதிரி இணையப் பயிற்சிகள்தான். நான் அதில் ஒன்றையும் விட்டதில்லை. என்னிடம் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருக்கின்றன. நான் அவளைவிடக் கெட்டிக்காரியா? இல்லை. எனக்கு மூன்று ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை உண்டு. ஆண்டு முடிவில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி "என்ன படித்தாய், அதனால் உன் வேலையில் என்ன மாறியது?" என்று கேட்பார். கேட்க ஒருவர் இருப்பதால்தான் நான் படிக்கிறேன். அப்படியும் தீயணைப்புப் பயிற்சி போன்றவற்றில் அடுத்தது, அடுத்தது என்று அமத்திக்கொண்டே போய்க் கடைசிக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்ன நாட்கள் உண்டு. என்னுடைய சான்றிதழ்கள் எல்லாம் கற்றதற்குச் சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

இதை உலகக் கணக்கும் சொல்கிறது. ஹாவர்ட், எம்.ஐ.ரி. ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் திறந்துவிட்ட இணையப் பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18 இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. காசு கட்டிச் சான்றிதழுக்கென்று சேர்ந்தவர்களில் மட்டும் நூற்றுக்கு 46 பேர் முடித்தார்கள். பதிந்தவர்களில் பெரும்பாலோர் முடிக்காமல் போகும் ஒரு முறைக்கு நாங்கள் என் தோழியின் சோம்பலைக் காரணம் சொல்லமுடியுமா?

வைத்தியத்தில் இதே பாடத்தை நாங்கள் நீண்டகாலம் முன்பே படித்துவிட்டோம். நெடுநாள் மருந்து எடுக்கவேண்டிய நோயாளிகளில், வசதியான நாடுகளிலேயே பாதிப் பேர் அளவில்தான் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இல் எழுதியது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. நோயாளியின் கையில் குளிசைப் பையைக் கொடுத்து "உங்கள் வசதிப்படி எடுங்கள்" என்று அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், குளிசையும் நிற்கும். அதனால்தான் ஒருவர் பக்கத்தில் இருந்து, குளிசையை விழுங்கும்வரை பார்த்து, அட்டையில் அடையாளம் போடும் முறை உலகெங்கும் வந்தது. எங்கள் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களிலும் அதுதான். அந்த ஒருவர் பெரிய வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. தாதியாக இருக்கலாம், பக்கத்துவீட்டு ஆசிரியையாக இருக்கலாம். வரவேண்டும், கேட்கவேண்டும், அவ்வளவுதான். குளிசைக்குத் தெரிந்த இந்த உண்மையைப் படிப்புக்கு மட்டும் ஏன் மறந்தோம்?

பழையவர்கள் மறக்கவில்லை. பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தியது. ஆனாலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் விடையைத் திருத்தி எழுதி அனுப்ப ஒரு வழிகாட்டி ஆசிரியரை வைத்தது. இங்கே 1980களில் தொலைக்கல்வி மூலம் ஆசிரியப் பயிற்சி பெற்ற அம்மாமார் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். அச்சடித்த பாடத்தொகுதி தபாலில் வந்தாலும், இடைக்கிடை ஓரிடத்தில் கூடி, வழிகாட்டியோடு இருந்து படித்த வகுப்புகளும் அதில் இருந்தன. தொழினுட்பம் வளர வளர மனிதரைக் கழற்றிவிட்டோம். அதற்குத் தன் வேகம் என்று அழகான பெயரும் வைத்தோம்.

இனிக் கதையின் நல்ல பகுதிக்கு வருகிறேன்.

2023 இல் ஒருநாள் பின்னேரம், யாழ்ப்பாண பஸ்ஸுக்காக வீதியோரம் நின்றபோது, பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருத்தியோடு பேச்சு வந்தது. அவளும் அதே பயிற்சியில் பதிந்து விட்டவள். எந்த இடத்தில் விட்டாய் என்று கேட்டால், அதே இரண்டாம் அலகு, அதே கூகுள் படிவம், அதே பாமினி. பஸ்ஸுக்குள் ஏறினால் மூன்றாவதாக ஒருத்தி: "அக்கா, நானும்." மூன்று பேரும் மூன்று ஆண்டுகளாக, தான் மட்டும்தான் மொக்கு என்று நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சங்குப்பிட்டிப் பாலம் வரும்போது மூவரும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தாராம்.

அன்றே ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரவு எட்டு மணிக்கு மூவரும் ஒரே கோலில் இருக்கவேண்டும். அலகை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதியை வாசித்து வந்து மற்ற இருவருக்கும் தமிழில் சொல்லவேண்டும். விளங்காததை விளங்கவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லவேண்டும். முக்கியமாக ஒரு விதி வைத்தார்கள்: படித்த ஒன்றையாவது வகுப்பில் பிள்ளைகளோடு செய்து பார்க்காமல் அடுத்த அலகுக்குப் போகக்கூடாது. ஆறு கிழமைப் பயிற்சி ஐந்து மாதம் எடுத்தது. ஆனால் முடித்தார்கள்.

பாமினிச் சிக்கலை மூவரில் இளையவள் அவிழ்த்தாள். அவளுடைய தம்பி ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறான். அவனுக்கு அது அன்றாட வேலை. மூன்று ஆண்டு மறித்து நின்ற மதில் ஐந்து நிமிடத்தில் விழுந்தது.

எல்லாக் கருவியும் ஜெயபுரத்துக்குச் சரிவரவில்லை. நேரடிக் காணொளி வகுப்பு அங்கே சரிவராது, சிக்னல் இழுபடும். ஆனால் சில சரிவந்தன. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய பெட் என்ற பாவனைச் சோதனைகள் இருக்கின்றன. மின்கலம், குமிழ், கம்பி எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் பூட்டி மின்சுற்று அமைக்கலாம். தமிழிலும் கிடைக்கிறது. முக்கியமான விடயம், ஒருமுறை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். யாழ்ப்பாணத்தில் வீட்டில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, கைப்பைக்குள் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுபோனாள். ஆய்வுகூடத்தில் அம்பியர்மானி பழுது என்று கரும்பலகையிலேயே கீறிக் காட்டிய மின்சுற்றைப் பிள்ளைகள் முதல்முறை தாங்களே பூட்டினார்கள். குறுஞ்சுற்றாக்கிப் பார்த்தார்கள், திரையில் தீப்பிடித்தது. "மிஸ், இன்னொருக்கா எரிக்கட்டுமா?" என்று கேட்டார்களாம்.

போன ஆண்டு நான் ஊருக்கு வந்தபோது அவளோடு அந்த பஸ்ஸில் ஜெயபுரம் போனேன். தரம் 11 பிள்ளைகள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வலைப்பக்கம் செய்யப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கும் அவள் கைகொடுக்கிறாள். வலைப்பக்கத்துக்கு இணையம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேண்டியதில்லை. நோட்பேடில் எழுதிச் சேமித்து, உலாவியில் திறந்தால் போதும். ஒரு மாணவி தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்திருந்தாள். தலைப்பில் "எங்கள் ஜெயபுரம்" என்று தமிழில் எழுதியிருந்தாள். திறந்தபோது ஆங்கில எழுத்துகளின் மேல் கோடும் புள்ளியும் போட்ட ஒரு கோலம் வந்தது. பிள்ளையின் முகம் விழுந்துபோயிற்று. என் தோழி குனிந்து, பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். இந்தப் பக்கம் யுனிகோட்டின் யு.ரி.எஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்று உலாவிக்குச் சொல்லும் வரி. மறுபடி திறந்தாள். "எங்கள் ஜெயபுரம்" என்று தமிழில் நின்றது.

அந்தப் பிள்ளையின் பாட்டன் எந்தத் தோட்டத்து லயத்தில் இருந்து எந்தக் காலத்தில் வந்தாரோ, எனக்குத் தெரியாது. தன் ஊரின் பெயரை ஒரு திரையில் தன் கையால் எழுதிப் படித்துப் பார்த்த அந்த முகம் எனக்குத் தெரியும். மூன்று இரவு பாமினியோடு அழுத ஒரு ஆசிரியை அந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருந்ததால் வந்தது அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 2020 இல் நான் சொன்ன பதிலை நினைவுபடுத்தினேன். அவள் மறந்திருப்பாள் என்று ஒரு நப்பாசை. மறக்கவில்லை. "அண்டைக்கு நீ ஒரு மணித்தியாலம் இருந்திருந்தியெண்டால் மூண்டு வருசம் மிச்சம். அதுக்கென்ன, விடு" என்றாள். பிறகு, "இப்ப அடுத்த கோஸ் தொடங்கப் போறம். வியாழக்கிழமை எட்டு மணி. உனக்கு அப்ப பின்னேரம்தானே, வாவன்" என்றாள்.

அன்றிலிருந்து போகிறேன். எனக்கு வலைக் கருவி எதுவும் தெரியாது. ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்வதும், போன கிழமை சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்பதும்தான் என் வேலை. குளிசை அட்டையில் அடையாளம் போடும் தாதியின் வேலை.

எல்லாம் வெற்றி என்று நான் சொல்லவரவில்லை. மூவரில் ஒருத்திக்கு இடமாற்றம் வந்து கோல் கொஞ்சக் காலம் தடுமாறியது. படித்த கருவிகளில் பாதியை அவர்கள் வகுப்பில் தொடவே இல்லை. அந்தச் சான்றிதழால் சம்பளம் ஒரு ரூபாயும் கூடவில்லை. ஆனாலும் பஸ்ஸில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள்.

அக்காமாரே, தங்கைமாரே, நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் பின்தங்கிய பாடசாலைகளுக்குக் கணினி வழங்கத் திட்டமிட்டிருக்கிறது. நல்ல காரியம். என் பங்கையும் கொடுத்துவிட்டேன். ஆனால் கணினியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், அது குளிசைப் பையைக் கொடுத்து அனுப்பிய கதையாகிவிடும். அதனோடு சேர்த்து மூன்று விடயங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் உங்களில் யாராவது, வன்னியில் படிப்பிக்கும் இரண்டு மூன்று ஆசிரியைகளோடு ஒரு கோலில் இருங்கள். கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இலவசப் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகமே வலை வடிவமைப்பையும் பைதனையும் யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. குறைவாக இருப்பது பக்கத்தில் இருக்கும் ஆள்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு கோலிலும் விளங்கிய ஆங்கிலச் சொல்லுக்கும், பாமினி போன்ற எங்கள் ஊர்ச் சிக்கலுக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவோம். என் தோழியிடம் அப்படி ஒரு கொப்பி ஏற்கனவே பாதி நிரம்பியிருக்கிறது. சங்கம் அதை அச்சிட்டால் அடுத்தவள் மூன்று இரவு அழவேண்டியதில்லை.

மூன்றாவது, டேட்டாக் காசு. ஒரு ஆசிரியை தன் பிள்ளையின் பால்மாக் காசில் இருந்து எடுத்துப் படிக்கும் நிலை வேண்டாம். அதைக் கொடுப்பது எங்களுக்குப் பெரிய செலவு இல்லை.

இந்தப் பாடசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைகள் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகம் இருந்தது. என்னுடையது பௌதிகத்தில் மாட்டுவண்டி வேகம். அதற்காக அவர்கள் ஒருநாளும் எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போனதில்லை. அடுத்தநாள் காலை "நேற்றுத் தந்த கணக்கு எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதே கேள்வியை இனி நாங்கள் வேறு யாரிடமாவது அன்போடு கேட்கவேண்டும்.

பின்னால் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கிழமையில் எந்த நாள், எத்தனை மணி என்று உங்கள் பெயருக்கு நேரே எழுதிவிட்டுப் பாயாசம் குடிக்கப் போங்கள். வியாழக்கிழமை எட்டு மணி மட்டும் ஏற்கனவே எடுபட்டுவிட்டது.